பச்சை மாத்திரையும் ஏணி வண்டியும்

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் அவளுக்கு வத்திப்பெட்டி என்று பெயர். வைத்த ஆள் யாரென்று இதுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவர் பென்ஷன் வாங்கியிருக்கவே முடியாது. ஆறு வருஷமாக ஏணி வண்டியின் உச்சிப்படி அவளுடையது. எங்கே எரிந்தாலும் முதலில் மேலே போவது அவள்தான். அவள் முறைத்த முறைப்பில் பாதித் தீ தானாகவே அணைந்துவிடும் என்று கூடவேலை செய்பவர்கள் சத்தியம் செய்வார்கள்.

அந்த உச்சிப்படியை நேற்று அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியது ஒரு பச்சை மாத்திரை.

மாத்திரையைக் கொண்டுவந்தவன் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தம்பி. மூலிகை மருந்து விற்கிறவன். மூன்று மாதத்துக்கு முன் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நிலைய அலுவலர் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"சார், இரும்பு துரு பிடிக்கிற மாதிரி உடம்புக்குள்ளயும் துரு பிடிக்குது. இது ஆன்டி-ஆக்ஸிடன்ட். துருவை வழிச்சு எடுத்துடும். இதைச் சாப்பிட்டுட்டு உடற்பயிற்சி பண்ணா கொழுப்பு துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடும்."

அலுவலர் தன் தொப்பையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சோதனை ஆரம்பமானது. எல்லோரும் தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழு மாடி ஏறி இறங்க வேண்டும். நிலையத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலைக்கு வரும் இரண்டு அணிகள். சீட்டுக் குலுக்கி ஓர் அணிக்கு நிஜ மாத்திரை, இன்னோர் அணிக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று தம்பிக்கு மட்டும்தான் தெரியும். முடிவில் யார் உடம்பு நன்றாக இறங்குகிறதோ அவருக்கே ஏணி என்று அலுவலர் தன் பங்குக்கு ஓர் உத்தரவைச் சேர்த்துவிட்டார்.

வத்திப்பெட்டி ஏறினாள். படிக்கட்டே தேய்ந்து சரிவுப்பாதையாகிவிடும் என்று மற்றவர்கள் பயந்தார்கள். மற்ற அணியில் தலகாணி என்று ஒருவர் இருந்தார். அவரும் ஏறினார், மூன்றாவது மாடி வரை. அங்கே ஒரு நல்ல ஜன்னல் இருந்தது, காற்று வரும்.

நேற்றுக் காலை முடிவு வந்தது. தலகாணியின் அணிக்குக் கொழுப்பு சரசரவென்று இறங்கியிருந்தது. வத்திப்பெட்டியின் அணிக்கு ஏதோ கொஞ்சம். அவர்கள் தின்றது மாவு என்று தம்பி அப்போதுதான் அறிவித்தான்.

"அக்கா, மனசுல வச்சுக்காத. சொந்த அக்கா அணிக்கே மாவு விழுந்ததால என் நியாயத்தை நாலு பேர் பாராட்டுறாங்க தெரியுமா?"

"நாலு பேரா? அவங்களைக் கூட்டிட்டு வா. உன்னைத் தூக்க நாலு பேர் வேணும்ல!"

அலுவலர் சமாதானத்துக்கு வந்தார். "தலகாணி ஏணிக்குப் போகட்டும்மா. நீ போன் எடு. அதுவும் முக்கியமான வேலைதான். உன் குரல்லயே பாதித் தீ அணைஞ்சிடுமே."

இன்று அவளுடைய அணி ஒரு நாள் வேலை முடித்து வீட்டுக்குப் போகும் காலை. வாசலில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பேனர் தொங்கியது. அதில் தலகாணி கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அச்சடித்தவன் அவர் வயிற்றில் பாதியை வெட்டி எடுத்திருந்தான். அதன் கீழே, 'பச்சை மாத்திரை சாப்பிட்டேன், கொழுப்பைத் துரத்தினேன்!'

வத்திப்பெட்டிக்கு எரிந்த எரிச்சலில் ஐந்து தீயணைப்பு வண்டி வந்தாலும் போதாது.

வேலை முடிக்கும் அணி முற்றத்தில் வெறுங்காலோடு நின்று குழாய்களைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே விதி. கழுவினாள். குழாய்கள் அலறாத குறை. சொட்டச் சொட்ட நடைபாதைக்கு வந்தபோது கொழுப்பு அளக்கும் எந்திரம் சுவரோரம் கிடந்தது. எட்டி உதைக்கத்தான் போனாள். எதற்கும் ஒரு தடவை பார்ப்போம் என்று ஏறி நின்றாள்.

எண் விழுந்தது. நேற்றைவிடக் குறைவு. தலகாணியைவிடக் குறைவு!

ஒரே ராத்திரியில் கொழுப்பு எந்த வண்டி ஏறிப் போனது? அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். தரையில் தண்ணீர் குளம் கட்டியிருந்தது. துண்டால் விரலிடுக்கு வரை துடைத்தாள், காயவிட்டாள், மறுபடி ஏறினாள். நேற்றைய எண் அப்படியே வந்து நின்றது.

"டேய்!"

அந்த ஒரு சத்தத்துக்குத் தம்பி, அலுவலர், வீட்டிலிருந்து அப்போதுதான் வந்த தலகாணி, எல்லோரும் ஓடிவந்தார்கள். ஒருவர் பழக்க தோஷத்தில் அபாய மணியையே அடித்துவிட்டார்.

"இந்த மெஷின் எப்படிடா அளக்குது? சொல்லு."

"கால் வழியா லேசா கரண்ட் விடும்க்கா. கொழுப்பு இருந்தா கரண்டுக்குத் தடங்கல். சுலபமாப் போனா கொழுப்பு கம்மின்னு அர்த்தம்."

"கால் ஈரமா இருந்தா?"

"இன்னும் சுலபமாப்..."

"முதல்ல எல்லாரையும் கூட்ட அறையில காஞ்ச காலோட அளந்த. நேத்து? அவங்க குழாய் கழுவிட்டு ஈரக்காலோட வந்தாங்க. நாங்க வீட்லேர்ந்து சாக்ஸைக் கழட்டிட்டு ஏறினோம். உன் மாத்திரை கிழிச்சது இதுதானா?"

தலகாணியை ஏற்றினார்கள். காய்ந்த காலோடு அவர் பழைய தலகாணியாகவே இருந்தார். மற்றவர்களையும் கால் துடைத்து ஏற்றினார்கள். மாத்திரைக்கும் மாவுக்கும் வித்தியாசமே இல்லை. எந்த அணியானாலும் மாடி ஏறியவர்களுக்கு இறங்கியிருந்தது. ஜன்னலில் காற்று வாங்கியவருக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது.

"மூச்சு முட்ட ஏறினது நான். பேரு உன் மாத்திரைக்கா?"

அலுவலர் தொண்டையைச் செருமினார். "நீ சொல்றது சரிதாம்மா. ஆனா பேனர் மாட்டியாச்சு, மேலிடத்துக்கும் சொல்லியாச்சு. ஒரு வருஷம் போகட்டும், பாத்துக்கலாம்."

வத்திப்பெட்டி நேரே ஏணி வண்டிக்குப் போய் ஓட்டுநரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் பிள்ளைகுட்டிக்காரர், வீடு போய்ச் சேர வேண்டும், மறுபேச்சில்லாமல் ஏணியை நிமிர்த்திவிட்டார். அவள் விடுவிடுவென்று ஏறினாள். பேனரின் மேல்முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. தலகாணி சிரித்த முகத்தோடு நடுவில் கிழிந்து, பாதி அலுவலர் தலைமேல் வந்து போர்த்தியது.

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. பஸ்கள் நின்றுவிட்டன.

"இறங்கும்மா!" பேனருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏணி யாருதுன்னு சொல்லுங்க, இறங்குறேன்."

"உன்னோடதுதான். இறங்கு."

"கேக்கல சார்! தெருவுக்கே கேக்கணும்!"

அலுவலர் பேனரிலிருந்து தலையை நீட்டினார், மூச்சை இழுத்தார், கத்தினார்.

"இன்னொரு தடவை," என்றாள் அவள் மேலே இருந்து. "தலகாணி அண்ணன் சரியாக் காதுல வாங்கல."