தென் துருவத்தில் சொன்ன குரோய்டன் பதில்

லண்டனில் மிச்சம் என்ற ஊரில் இருந்து தென் துருவத்துக்கு வேலைக்குப் போகும் முதல் தமிழன் என்று எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் எனக்கு மாலை போட்டார்கள். 1997ஆம் ஆண்டு, ஒக்ரோபர் மாதம். நான் செய்யப்போகும் வேலை கோப்பை கழுவுவதும் பனி அள்ளுவதும் என்பதை மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. "எங்கட பஸ்தியாம்பிள்ளை விஞ்ஞானிகளோட வேலை செய்யப் போறார்" என்று கஸ்பர் அண்ணை பேசினார். வீடியோக்காரர் என்னைக் குளிர்ச்சட்டையோடு மூன்று தரம் நடக்கவிட்டுப் படம் எடுத்தார்.

மெற்றில்டா அக்கா மட்டும் காதுக்குள் கேட்டா: "தம்பி, அங்க விசா தேவையில்லையாமே? என்ர மருமோனைக் கூப்பிட ஏலுமோ?"

கஸ்பர் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரோய்டனில் இருக்கிற குடிவரவுக் கந்தோருக்கு அகதி விசாரணைக்குப் போகிற சனத்துக்கு அவர்தான் வாத்தியார். பாடம் ஒன்றுதான். "முதல் நாள் சொன்னதையே கடைசி நாளும் சொல்லு. ஒரு சொல்லு மாறினா நீ பொய்யன்." நான் சொன்னது முழுக்க உண்மை. ஆனாலும் அதை ஏழு வருடம் ஒரு சொல்லும் மாறாமல் சொல்லித்தான் விசா எடுத்தேன்.

கப்பலில் ஆறு கிழமை. இறங்கிய அந்தாட்டிக்காக் கரையில் சூரியன் மறைவதே இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். குடிக்க, குளிக்க, கழுவ எல்லாவற்றுக்கும் பனியை வெட்டி ஒரு தொட்டிக்குள் போட்டு உருக்க வேண்டும். உலகத்து நன்னீரில் பெரும்பங்கு காலுக்குக் கீழே கிடக்கிறது, ஒரு கோப்பைத் தேநீருக்குத் தண்ணீர் இல்லை. பேராசிரியர்களும் முறை வைத்து அள்ள வருவார்கள். பத்து நிமிடம் அள்ளுவார்கள், இருபது நிமிடம் அள்ளுவதைப் படம் எடுப்பார்கள்.

கப்பல் சாமான் இறக்கப் பன்னிரண்டு நாள். அது போனால் அடுத்த வருடம்தான் வரும். அதற்குள் நிலையத்து டொக்டர் பிரெண்டா புது ஆட்களை ஒவ்வொரு காலையும் கூப்பிட்டுப் பேசி, யார் நிற்பது யார் திரும்பிப் போவது என்று தீர்மானிப்பா.

முதல் நாள் போனேன். மேசையில் பைல். பைலைக் கண்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"நித்திரை நல்லம். சாப்பாடு நல்லம். வீட்டு யோசனை இல்லை. ஒருத்தரோடயும் பிரச்சினை இல்லை" என்றேன்.

இரண்டாம் நாளும் அதுதான். நாலாம் நாள் பனி வண்டில் காலில் ஏறிப் பெருவிரல் நகம் போய்விட்டது. நொண்டிக்கொண்டு போய் அதையே சொன்னேன். ஏழாம் நாள் டொக்டர் மெல்லக் கேட்டா: "நீங்கள் நித்திரை கொள்வதே இல்லை என்று உங்கள் அறையில் இருப்பவர் சொல்கிறாரே?"

சாட்சியைக் கொண்டுவந்து மடக்கப் பார்க்கிறா என்று விளங்கிவிட்டது. "நித்திரை நல்லம்" என்றேன்.

ஒன்பதாம் நாள் நிலையத் தலைவர் கூப்பிட்டார். "ஒன்பது நாளும் அதே சொற்கள், அதே வரிசை. எதையோ மறைக்கிற ஆள் என்று டொக்டர் பயப்படுகிறா. நாளைக்கும் இப்படியென்றால் நீங்கள் கப்பலில்."

கிழமைக்கு ஒரு தரம் ஐந்து நிமிடம் போன் தருவார்கள். கஸ்பர் அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, என்னைத் திருப்பி அனுப்பப் போகினம்."

"ஐயோ, சிலோனுக்கோ?"

"இல்லை, லண்டனுக்கு."

"எட விசரா, லண்டனுக்கு வரத்தானே சனம் உயிரை விடுது! கதையை மாத்தினனியோ?"

"ஒரு சொல்லும் மாத்தேல்லை."

"அப்ப கேஸ் ஸ்ட்ரோங். விடாத. அப்பீல் பண்ணுவம்."

"இஞ்ச அப்பீல் இல்லை அண்ணை. பென்குயின்தான் இருக்கு."

"வீடியோவைக் கனடா வரைக்கும் அனுப்பியாச்சு. நீ வந்து நிண்டா நான் எந்த முகத்தோட பூசைக்குப் போறது? நீ வேலை செய்த கன்ரீனில உன்ர இடத்தில முருகேசனும் ஏறிட்டான்."

அதை அவர் சொல்லத் தேவையில்லை. எனக்கே தெரியும். திரும்பிப் போனால் வேலையும் இல்லை, தலை காட்டவும் ஏலாது.

பத்தாம் நாள். டொக்டர் பேனையைத் திறந்தா. "நித்திரை..." என்று தொடங்கினேன். பெருவிரல் விண்ணென்று இழுத்தது.

"நித்திரை இல்லை" என்றேன். பிறகு வாய் நிற்கவில்லை. "சூரியன் மண்டைக்குள்ள நிக்குது. சாப்பாட்டில உப்புமில்லை, உறைப்புமில்லை. அறையில இருக்கிற ஆளின்ர சொக்ஸ் நாறுது. பேராசிரியர் கழுவின சட்டியை நான் திரும்பக் கழுவுறன். எனக்குப் பயமாயிருக்கு."

டொக்டர் எல்லாவற்றையும் எழுதினா. என் கதை முடிந்தது. ஒன்பது நாள் ஒரு கதை, பத்தாம் நாள் வேறு கதை. குரோய்டனில் இதற்கு, நிராகரித்து ஒரு வரிக் கடிதம் வரும்.

"ஏன் முதல் நாளே சொல்லவில்லை?"

"சொன்னதை மாத்தினா அனுப்பிப்போடுவியள் எண்டு நினைச்சன்."

டொக்டர் பேனையை மூடினா. பிறகு பைலில் ஒரு முத்திரை குத்தினா. "மற்ற எல்லாரும் முதல் நாளே சொன்னது இதுதான். சொக்ஸ் உட்பட. நீங்கள் நிற்கலாம். காலைக் காட்டுங்கள்."

இரண்டு நாள் கழித்துக் கப்பல் ஊதிவிட்டுப் புறப்பட்டது. எல்லாரும் பனி விளிம்பில் நின்று கையசைத்தோம். அது வெள்ளைக்குள் ஒரு புள்ளியாகி மறைந்தபோதுதான் எனக்கு உறைத்தது: இனி ஒரு வருடத்துக்கு என்னை எவரும் எங்கும் திருப்பி அனுப்ப ஏலாது. நானே கெஞ்சினாலும் ஏலாது.

பயமாயிருக்கு என்று டொக்டரிடம் சொல்ல நேரே போனேன். கதவடியில் ஏற்கெனவே இரண்டு பேராசிரியர்களும் நிலையத் தலைவரும் வரிசையில் நின்றார்கள். நான் நாலாவதாக நின்றேன்.