சோளத்தட்டையால் அளந்த ஊர்

1

இந்தக் கதை ஒரு சோளக்கள் பானைக்குப் பக்கத்தில் கிடைத்தது. கிழவர் பாயுவோ சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பில் புரையேறியது. கருப்பு வோல்டா ஆற்றங்கரையில் வாத்தியாராகக் காலம் தள்ளுகிறவன் நான். இங்கே யாரும் கதையைச் சும்மா தரமாட்டார்கள், கூடவே நாலு வசவும் தருவார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இருளில் கிடந்த மக்களுக்குக் கடல் கடந்து மருந்து..."

அடித்துவிட்டேன். இங்கே யாரும் இருளில் கிடக்கவில்லை. சந்தையும் சண்டையுமாக நன்றாகத்தான் இருந்தார்கள். ஆற்றோரத்து ஈ கடித்துக் கடித்து, அது உடம்பில் விடும் புழுவால் சிலருக்குக் கண் போயிருந்தது, அவ்வளவுதான். (அவ்வளவுதான் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.)

2

ஆங்சோமா அக்கரையிலிருந்து வாழ வந்தவள். அந்தப் புழுவுக்கு வருடம் ஒருமுறை தானமாக வரும் மாத்திரையை ஊருக்குக் கொடுப்பது அவள் பொறுப்பு. எடை பார்க்கத் தராசு கிடையாது, உயரம்தான் கணக்கு. கோலில் நாலு கோடு, அதிகபட்சம் நாலு மாத்திரை. அந்தக் கோலைக் கரையான் தின்றுவிட்டது. அவள் யோசிக்காமல் கொல்லையில் ஒரு சோளத்தட்டையை வெட்டிக் கோடு கீறிக்கொண்டாள்.

அக்கரையில் பிணத்தைக் கயிற்றால் அளந்து குழி வெட்டுவார்கள். இந்த ஊரில் சோளத்தட்டையால் அளப்பார்கள். அவளுக்கு அது தெரியாது.

மரத்தடிக்கு மருந்து வாங்க முதலில் வந்த பெண் தட்டையைப் பார்த்ததும் அலறினாள். "அடிப்பாவி, எனக்குக் குழி வெட்டவா வந்திருக்க?"

மதியத்துக்குள் மரத்தடி காலியாகிவிட்டது. போன வருடம் வெள்ளத்தில் பாதை அறுந்து மருந்தே வரவில்லை. இந்த வருடமும் தவறினால் புழு மறுபடி தலையெடுக்கும். ஆங்சோமாவின் மகள் ஏற்கெனவே புழு அரிப்பில் முதுகைச் சுவரில் தேய்க்கத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. ஊரே விழுங்கினால்தான் ஈ சுமக்கப் புழு இருக்காது. மிச்ச மருந்தை எடுத்துப்போக மறுநாள் வண்டி வந்துவிடும்.

[வேறு கோல் இல்லையா என்று கேட்பீர்கள். இரும்புக்கம்பி கொண்டுவந்தாள். "இரும்புல அளந்தா மட்டும் சாவு வராதா?" என்றார்கள்.]

3

இந்த இடத்தில் ஒரு சுகாதார அதிகாரியை வரவழைத்து இரண்டு பக்கம் பேசவைத்தேன். ஊர் கேட்கவில்லை. எனக்கே கொட்டாவி வந்தது. அவரை வந்த வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவிட்டேன்.

4

பாயுவோ மீன் பிடித்தவர், இப்போது பார்வை இல்லை. அவர் குலத்துக்கும் இந்த ஊர்க் குலத்துக்கும் கேலி முறை: என்ன சொன்னாலும் யாரும் கோபிக்கக் கூடாது, ஊர் மருமகளைப் பொண்டாட்டி என்றுகூடக் கூப்பிடலாம். சாவு வீட்டில் பிணத்தையே திட்டுகிற உரிமை அவருக்கு உண்டு. தீட்டு நேர்ந்தால் சாம்பல் தூவிக் கழிப்பதும் அவர்தான்.

தட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊர்த் தலைவர் வாசலில் போய் நீட்டிப் படுத்தார்.

"நான் செத்துட்டேன். அளங்கடா! குழியைப் பெருசா வெட்டுங்க, கள்ளுப் பானையும் கூட வருது!"

கூட்டம் சேர்ந்தது.

"ஏ பொண்டாட்டி ஆங்சோமா, எங்கே ஒப்பாரி? இப்படியா அழுவாங்க? அக்கரைக்காரி அழக்கூட லாயக்கில்ல!"

முதல் சிரிப்பு தலைவர் மனைவியிடமிருந்து வந்தது. பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. பாயுவோ எழுந்தார், அடுப்புச் சாம்பலை அள்ளித் தட்டைமேல் தூவினார். "தீந்துச்சு. இனி இது வெறும் தட்டை." முதுகை நிமிர்த்தி நின்றார். "அளடி."

"நாலு மாத்திரை, மாமா."

தலைவர் கேட்டார்: "கண்ணுதான் போயிடுச்சே, உனக்கெதுக்குய்யா மருந்து?"

"என்னைக் கடிச்ச ஈ என் வீட்டுலயே குந்திக்கிட்டு இருக்குமா? அடுத்து உம் பேரனைத்தான் கடிக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் வந்து தட்டையருகே நின்றார். பாயுவோ அவர் தலையைத் தடவிப் பார்த்தார். "தொப்பிக்கும் சேத்துக் கேக்காத. நாலுக்கு மேல கிடையாது."

அப்புறம் பிடித்தது பாருங்கள் வரிசை! தள்ளுமுள்ளு, மேளம், கள், "எனக்கு மூணா? அவளுக்கு எப்படி நாலு?" என்ற சண்டை. மகளுக்குக் கொடுத்த பிறகு, விழுங்கிவிட்டாளா என்று ஆங்சோமா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் வண்டிக்காரர் டப்பாக்களைக் குலுக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. ஆங்சோமா நடுத்தெருவில் ஆடினாள்.

5

முடிவில் பாயுவோவுக்குப் பார்வை வருவதாக எழுதி, அவரிடமே படித்துக் காட்டினேன்.

"எழுதாத வாத்தியாரே," என்றார். "போன கண்ணை மாத்திரை தராது. அதோட, எனக்குக் கண்ணு வந்தா எல்லாரும் என்னையே பாப்பாங்க. மருந்து முழுங்கின அந்தப் புள்ளைங்களை எவன் பாப்பான்?"

அதையும் அடித்துவிட்டேன். ஆகவே இப்படி நிற்கிறது கதை: சில வருடங்கள் கழித்து ஒரு மாலை. ஆங்சோமாவின் மகளும் தலைவரின் பேரனும் ஆற்றில் குதித்துக் கும்மாளம் போடுகிறார்கள். கரையில் பாயுவோ தட்டையை ஊன்றி உட்கார்ந்திருக்கிறார்.

"ஏ புள்ளைங்களா, என்னடா தெரியுது அங்க?"

அவர்கள் சொல்கிற பதிலை நான் எழுதப்போவதில்லை. பார்க்கக் கண் இருக்கிற நீங்களே சொல்லுங்கள், கொஞ்சம் உரக்க. அவர் காத்திருக்கிறார்.