தபால்காரக் கொக்கின் நடை

நூலகத்தின் இரண்டாம் மாடி அரங்கில் விளக்குகள் அணைந்தபோது, அவள் திரையைப் பார்க்கவில்லை. மூன்று வரிசைகள் முன்னால் அமர்ந்திருந்த அண்ணனின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னந்தனியாக இரண்டாண்டுகள் உழைத்து, தாள் தாளாகக் கையால் வரைந்து முடித்த அவளுடைய ஏழு நிமிட அனிமேஷன் படம், முதன்முதலாக வெளியார் பார்வைக்கு வருகிறது. ஆனாலும் அவள் கண் அண்ணனை விட்டு அகலவில்லை.

காரணம், படத்தின் நாயகனாகிய தபால்காரக் கொக்கு. எத்தனை விதமாக வரைந்தும் உயிர்பெறாமல் கிடந்த அந்தக் கொக்கு, ஒருநாள் அண்ணனுக்குப் பின்னால் மாடிப்படி ஏறுகையில்தான் அவளுக்குப் பிடிபட்டது. விபத்தில் முறிந்து கூடிய கால் அவருக்கு. வலக்காலைப் படியில் ஊன்றி, சற்றே நின்று, அடுத்த படியிடம் ஏதோ விசாரிப்பவர்போலத் தலையைச் சாய்த்து, அதன் பிறகே இடக்காலை இழுத்துச் சேர்ப்பார். ஓராண்டுக் காலம் பின்னாலேயே ஏறி, பார்த்துப் பார்த்து வரைந்தாள். நொடிக்குப் பன்னிரண்டு படங்கள். அந்தத் தயக்கத்துக்கு மட்டும் எட்டு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். சிறு வயதில் அவளைத் தோளில் சுமந்து கார்ட்டூன் படத்துக்கு அழைத்துச் சென்றவர் அவர். நசுங்கிய பூனை எப்படி எழுந்தது என்று அவள் நச்சரித்ததற்காக, அடுத்த காட்சிக்கும் பொறுமையாக உட்கார்ந்தவரும் அவரே.

திரையில் கொக்கு முதல் அடி வைத்தது. அரங்கம் கொல்லென்று சிரித்தது. இரண்டாம் அடிக்குச் சிரிப்பு இன்னும் வலுத்தது. தவம் கிடந்தாலும் எளிதில் கிட்டாத சிரிப்பு. அவள் காதிலோ ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல இறங்கியது. வாய்பொத்திக் குலுங்கிக்கொண்டிருந்த அண்ணி, பாதிச் சிரிப்பில் சட்டென்று நிறுத்திக் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அண்ணனின் தலை அசையவில்லை.

படம் முடிந்து மூவரும் தாழ்வாரத்துக்கு வந்தனர்.

"என்ன நாத்தனாரே, வீட்ல படம் போட்டா நிமிஷத்துக்கு நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் பாப்பீங்க. இன்னிக்குத்தான் ஒரு படம் முழுசா ஓடியிருக்கு!" என்று அண்ணி பேச்சைத் திருப்பப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"பென்சிலு," என்றார் அண்ணன். அவளுக்கு அவர் வைத்த பெயர்தான்; வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. "அது நான்தானே?"

எங்கேயோ பார்த்த நடை என்னும் பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"ஆமாண்ணா."

"ஒவ்வொரு அடிக்கும் அவ்வளவு நேரமா நிக்கிறேன்?"

"எட்டு படம்தான். முழுசா ஒரு நொடிகூட இல்ல."

"பாக்க ரொம்ப நேரமா இருந்துச்சு." அவர் தம் செருப்பைப் பார்த்தார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா நீங்க நேரா நடந்திருப்பீங்க."

"அடிப்பாவி, இதுக்குப் பொய்யே சொல்லியிருக்கலாம்," என்று அண்ணி முணுமுணுத்தார்.

அவள் அண்ணனிடம் திரும்பினாள். "செவ்வாய்க்கிழமைக்குள்ள பட விழாவுக்கு அனுப்பணும். நீங்க வேணாம்னா அனுப்பல. நடையை மாத்தி வரையறேன்."

"மாத்தினா சிரிப்பாங்களா?"

"மாட்டாங்க."

அவர் அரங்கக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அனுப்பு," என்றார். தம் தையற்கடையில், சட்டை இன்னும் தைத்து முடியவில்லை, புதன்கிழமை வாருங்கள் என்று வந்தவரிடம் சொல்லும் அதே குரல். அந்தக் குரலிலிருந்து அவர் மனத்தை இதுவரை எவரும் அறிந்ததில்லை.

படிக்கட்டுக்கு வந்ததும், வழக்கம்போல அவள் ஒதுங்கிப் பின்னால் நின்றாள். அவர் கைப்பிடியைப் பற்றியபடி இறங்காமல் நின்றார்.

"நீ முன்னாடி போ."

"அண்ணா..."

"போம்மா. இனிமே நீ முன்னாடியே போ."

அவள் இறங்கினாள். பின்னால் ஒரு காலடி, ஒரு நிறுத்தம், மறு காலடி. திரும்பிவிடக் கூடாதென்று பிடரி விறைத்தது. அவர் பார்வை படியில் இருக்கிறதா, தன் முதுகில் இருக்கிறதா என்பது தெரியவில்லை. காலை எப்படி எடுத்து வைப்பது என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. நடுப்படியில் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் மறுபடி இறங்கத் தொடங்கும்வரை, அண்ணன் மேல்படியிலேயே காத்து நின்றார்.