பின்பக்க முகவரி

சோப்பைக் கையில் எடுக்கிறவர்கள் முகர்ந்து பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். பின்பக்கம் திருப்பிப் படிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு மாமல்லபுரத்தில்தான் தெரிந்தது.

அருணகிரி அண்ணன் கடையில் முதல் முப்பது சோப்பைக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சங்கு, கல் யானை, தொப்பி விற்கிற கடை. என் சோப்பு கல்லாவுக்குப் பக்கத்தில் பிரம்புத் தட்டில் இருந்தது. நான் போனபோது இருபத்தாறு அப்படியே கிடந்தன.

"சரக்கு சரியில்லையாண்ணா?"

"சரக்க ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. வாசனையே ஆள இழுக்குது. இத்தப் பாரு." ஒரு சோப்பைத் திருப்பி, காகிதப் பட்டையில் ஒரு வரிக்குக் கீழே நகத்தை வைத்தார். தயாரிப்பு: கி. ரெபேக்காள், 3/27, காலனி. அதற்குக் கீழே ஊரும் பின்கோடும்.

"வெள்ளக்காரன் இத்தப் படிக்க மாட்டான். வாங்கறதெல்லாம் மெட்ராஸ்லருந்து கார்ல வர்றவங்க. எடுப்பாங்க, மோந்து பாப்பாங்க, திருப்புவாங்க, வச்சிட்டுப் போய்க்கினே இருப்பாங்க. மேல தேச்சிக்கிற ஐட்டமாச்சே. நான் அப்டி நெனைக்கிற ஆள் இல்லம்மா. தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். அந்த நல்லவர்களால் எனக்கு ஒரு சோப்பு கூட விற்றதில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் கிருபாகரனிடம் சொன்னேன். அவர் குழம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அட்ரஸ மாத்திட்டாப் போவுது. நான் கம்பெனில கூடுவாஞ்சேரின்னு சொல்லிகினுதான் கீறேன், எட்டு வருசமா. இன்னா கெட்டுப்போச்சி?" என்றார். எட்டு வருஷமாக என் புருஷன் கூடுவாஞ்சேரியில் இருக்கிறார் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். எரிச்சலாக வந்தது. ஆனால் மறுநாள் நான் செய்தது என்ன?

ஜெயப்பிரியாவிடம் போனேன். அவள் ஊருக்குள் வடக்குத் தெரு, நான் ஏரிக்கு இந்தப் பக்கம். மறைமலைநகரில் ஒரே தொழிற்சாலைக்கு ஒரே கம்பெனி பஸ்ஸில் நான்கு வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனவர்கள். ஒரே நாளில் எங்கள் இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் நான் சோப்பில் இறங்கினேன். செல்போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், காஸ்டிக் சோடா, ஆவாரம்பூப் பொடி. முதல் இரண்டு மாதம் காஸ்டிக் தெறித்து இரண்டு முன்னங்கையிலும் புண். ஆறிய பிறகும் தழும்பு போகவில்லை.

"அட்ரஸ்தானடி, போட்டுக்கோ. அதுக்கு இன்னா வாடகையா கேக்கப்போறேன்?" என்று சிரித்தாள் ஜெயப்பிரியா.

செங்கல்பட்டில் அச்சகம் வைத்திருக்கிற பார்த்தசாரதி சார் கம்ப்யூட்டரில் பழைய லேபிளைத் திறந்தார். நான் புது முகவரியைச் சொல்லச் சொல்ல அடித்தார். அடித்துவிட்டு, "அட்ரஸ் ஒருத்தருது, பேர் ஒருத்தருதா? கொரியர்காரன் அலைவாம்மா. விசாரிப்பான்" என்றார். விசாரித்தால் என்ன தெரியும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அப்ப பேரையும் மாத்திடுங்க சார். ஜெயப்பிரியான்னே போடுங்க."

யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. என் வாயால் நான்தான் சொன்னேன். அவர் ஒரு தட்டு தட்டினார், ரெபேக்காள் போய்விட்டாள்.

அடுத்த முப்பது பத்து நாளில் தீர்ந்தது. அருணகிரி அண்ணன் போன் போட்டு இன்னும் அறுபது கேட்டார். சந்தோஷப்படத்தான் வேண்டும். அதே எண்ணெய், அதே பூ, அதே கை. நான் அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

முகவரி அவளுடையது என்பதால் லைசென்ஸும் அவள் பெயரில் வந்தது. கொரியர் அங்கே வந்தது, போன் அங்கே வந்தது. ஜெயப்பிரியாவும் சும்மா இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். நான் காயவைத்து எடுத்துப்போகிற சோப்பை பட்டர் பேப்பரில் சுற்றி, பட்டை ஒட்டி, சணல் கயிற்றில் முடிச்சுப் போடுவது அவள்தான். அழகாகக் கட்டுவாள். நான் செய்கிறவள், அவள் கட்டுகிறவள். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முட்டுக்காடு பக்கம் ஒரு ரிசார்ட்டிலிருந்து போன் வந்தபோதுதான் அது போதாது என்று தெரிந்தது. ஒவ்வொரு அறையிலும் எங்கள் சோப்பை வைக்கப்போகிறார்களாம். கூடவே ஓர் அட்டை, அதில் செய்தவர் பெயரும் படமும் நாலு வரியும். போனில் பேசிய ரிசார்ட் மேடம் நேரில் வந்து, செய்கிற இடத்தைப் பார்த்துப் படம் எடுப்பாராம்.

ஜெயப்பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம் வந்தவொடனே நானே சொல்லிட்றேன். ரெபேக்காதான் செய்றா, நான் கட்றவதான்னு. அட்டைல உன் பேருதான். இனிமே லேபிள்லயும் உன் பேருதான். ஏசு சத்தியமாடி."

என் சாமி பேரில் அவள் சத்தியம் செய்தாள். நான் நம்பினேன். நீலப் புடவையை இஸ்திரி போட்டேன். மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று, "நான் ரெபேக்காள், இத செய்றது நான்தான் மேடம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இந்த ஒரு பெயருக்காக இப்படி அலைகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

சோப்பு செய்கிற இடம் அந்த முகவரியில்தானே இருக்க வேண்டும்? அதனால் அச்சுப் பெட்டி, எண்ணெய் டின், தராசு எல்லாவற்றையும் கிருபாகரன் பைக்கில் இரண்டு நடையாக வடக்குத் தெருவுக்குக் கொண்டுபோய் இறக்கினார். ஜெயப்பிரியாவின் மாமியார் கன்னியம்மா வாசலில் நின்றிருந்தார்.

"சைடுல வந்துடும்மா. வாசல்ல கோலம் ஈரமா கீது."

மணி பத்து. கோலம் காய்ந்து பொரிந்துபோயிருந்தது. நான் மோட்டார் ரூம் பக்கமாகச் சுற்றிப் பின்கட்டுக்குப் போனேன். போகிற வழியில் அவர்கள் குளியலறைக் கதவு திறந்திருந்தது. சோப்புப் பெட்டியில் கடையில் வாங்கிய சோப்பு. அவர்கள் வீட்டு முகவரியை முதுகில் சுமந்துகொண்டு மாமல்லபுரம் வரைக்கும் போகிற என் சோப்பு, அந்த வீட்டுக் குளியலறைக்குள் ஒரு நாளும் போனதில்லை.

மேடம் வந்தார். தன்மையானவர், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் நான் ஊற்றிக் கொண்டுவந்த கட்டியை வெட்டிக் காட்டினேன். அவர் ஜெயப்பிரியாவைப் பார்த்து, "இதெல்லாம் நீங்களே செய்யறதா?" என்று கேட்டார்.

ஜெயப்பிரியா என்னைப் பார்த்தாள். பிறகு கதவில் சாய்ந்து நின்ற மாமியாரைப் பார்த்தாள்.

"ஆமா மேடம். எல்லாம் எங்க வூட்லதான். இவங்க பட்டை ஒட்டறதுக்கு, கட்றதுக்கு வர்றவங்க."

என் வேலையை அவள் எடுத்துக்கொண்டு அவள் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டாள். மூன்று நாள் பழகிய வாக்கியம் என் தொண்டை வரைக்கும் வந்தது. சரியாக அப்போது மேடம் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

நான் ரெபேக்காள் என்று ஆரம்பித்தால் இதே ஊர் என்று சொல்ல வேண்டும். இதே ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார். கன்னியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூடுவாஞ்சேரி மேடம்" என்றேன்.

ஜெயப்பிரியாவே திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

அட்டைக்கு முகத்தைவிடக் கை இருந்தால் நன்றாக இருக்கும் என்றார் மேடம். கையால் செய்தது என்பது தெரியுமாம். நான் வெட்டி வைத்த சோப்பை ஜெயப்பிரியா இரண்டு கையிலும் ஏந்தினாள். வளையல், மருதாணி, தழும்பில்லாத கை. படம் நன்றாக வந்தது, எனக்கும் காட்டினார்கள். அதைப் பார்க்கக் குனிந்தபோதுதான் மேடம் என் கையைக் கவனித்தார்.

"ஐயோ, என்னம்மா கையெல்லாம் இப்படி இருக்கு?"

நான் முந்தானையால் கையை மூடிக்கொண்டேன். அவர் தட்டிலிருந்து கட்டி முடித்த சோப்பு ஒன்றை எடுத்தார். "ஜெயப்பிரியா, இவங்களுக்கு ஒண்ணு கொடுக்கலாம் இல்லையா?"

"தாராளமா மேடம்."

"தினமும் போடுங்கம்மா. கெமிக்கல் இல்லாதது. இந்தத் தழும்பெல்லாம் நாளாக ஆக மங்கிடும்."

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்று வேறு சொன்னேன். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது, கேட்டால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

திரும்பும்போது யாரும் சொல்லாமலே சைடு வழியாக வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கிருபாகரன், "இன்னா, உம்பேரு போட்றாங்களா?" என்று கேட்டார்.

"கூடுவாஞ்சேரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவர் பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் சணல் கயிற்றை அவிழ்த்து, பட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, குழாயடியில் உட்கார்ந்து முழங்கை வரைக்கும் தேய்த்தேன். நன்றாக நுரைத்தது. நுரைக்காமல் என்ன, ஆறு வாரம் காயவைத்தவள் நான்.