ஒரு விரற்கடை ஜன்னல்

ஜனவரியில் ஜன்னலைத் திறப்பது அந்தத் தையற்கூடத்தில் கொலை முயற்சிக்குச் சற்றே குறைந்த குற்றம். முதுகில் காற்றுப் பட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்பதில் பிஷ்கெக்கில் எவருக்கும் ஐயமில்லை. மேற்பார்வையாளர் சல்கினுக்கு அறவே இல்லை. கிர்கிஸ் மொழியில் அவள் பெயருக்குப் பொருளோ குளிர்ச்சி.

"பேரு குளிர்ச்சி, உடம்புல மூணு கம்பளிச் சட்டை," என்றாள் துணி வெட்டும் உல்கான். "ஒரு விரக்கடை திறடி, தாயே. உள்ள அடுப்பு எரியுது."

"மாசவிலக்கு நிக்கிற வயசுல எல்லாருக்கும் எரியத்தான் செய்யும். அதுக்கு நாங்க இடுப்பு பிடிச்சுக் கெடக்கணுமா, அக்கா?"

சென்ற வாரம் அப்படி உடம்பு எரிந்தபோது உல்கானின் கை வழுக்கி, ஓர் அடுக்குக் கழுத்துப்பட்டிகள் வீணாயின. "வெட்டுற வேலையைப் பொத்தான் தைக்கிற மேரிமுக்குக் கொடுக்கலாமா? உல்கான் பொத்தான் தைக்கட்டும். மத்தியானத்துக்குள்ள சொல்லு," என்று காலையில் சல்கினிடம் கேட்டிருந்தார் முதலாளி. இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த மேசை உல்கானுடையது.

அன்று அறுபது அடுக்கு வெள்ளைத் துணி. உல்கான் திடீரென வெட்டும் இயந்திரத்தை அணைத்தாள். முற்றத்துப் பனியில் வெறுந்தலையோடு போய் நின்றாள். திரும்பி வந்து, கையைத் துடைத்து, விட்ட புள்ளியிலேயே கத்தியை வைத்தாள். நண்பகலுக்குள் இது நான்கு முறை நடந்தது.

"பாதியில விட்டா கோடு வெலகாதா, அக்கா?" என்று கேட்டாள் சல்கின்.

"அந்தச் சூடு வர்றதுக்கு முன்னாடி காது மடல் சுடும். அப்பவே நிறுத்திடுவேன். கை நடுங்குறப்போ வெட்டுனாத்தான் வெலகும்."

சல்கின் எதையும் எளிதில் நம்புபவள் அல்லள். மேலடுக்குக் கழுத்துப்பட்டியையும் அடியடுக்கினதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள், பிறகு அளந்தாள், மறுபடியும் அளந்தாள். ஒரு நூலிழை வேறுபாடும் இல்லை. உடம்பு நோகாதவர்கள் வெட்டியதிலும் அவள் இப்படியொரு விளிம்பைக் கண்டதில்லை.

தொலைபேசியை எடுத்தாள். "உல்கான் அக்காவே வெட்டட்டும்."

"மணிக்கொரு தரம் வெளிய ஓடுறாளாமே?" என்றார் முதலாளி.

"இனிமே ஓட மாட்டாங்க."

கம்பளிச் சால்வையை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொண்டு, சல்கின் ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள்.

"அக்கா, காத்து!" என்று அலறினாள் மேரிம்.

"உன் இடுப்பையும் கட்டிக்க."

உல்கான் தலை நிமிரவில்லை. "இப்பத்தான்டி பேருக்கேத்த வேலை பாத்திருக்கே."

சல்கின் சால்வையில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.