பொடி ஆலை மேற்கே போனது

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு மூக்குப்பொடி ஆலை தும்மும். தும்மினால் கட்டடம் ஒரு நெல் அகலம் மேற்கே நகரும். எழுபத்தொரு வருடமாக இப்படித்தான். முதல் முதலாளி காலத்தில் குழாய்க்காரரைத் தவிர வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை. கிழக்கே இருந்த கிணற்றிலிருந்து ஆலைக்கு வரும் குழாயில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஓரடி சேர்க்கவேண்டியிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. வேலை வருகிற வழியை யார் அடைப்பார்கள்.

காரணம் எளிது. புகையிலையை நிறம் பார்த்துப் பிரிக்கக் காலை வெளிச்சம் வேண்டும். ஆகவே இலை பிரிக்கிறவர்கள், நரம்பு கிழிக்கிறவர்கள், டப்பா அடைக்கிறவர்கள் என்று நூற்று நாற்பது பேரும் கிழக்கு ஜன்னல்களைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார்கள். மேற்குக் கோடியில் சல்லடை அறை. சலித்த பொடியை வெளியே எடுக்க அதன் கதவு நாளுக்கு ஒரு முறை திறக்கும். திறந்ததும் அத்தனை பேரும் ஒன்றாகத் தும்முவார்கள். கிழக்கே தும்மினால் கட்டடம் மேற்கே போகாமல் என்ன செய்யும். இரண்டாம் முதலாளி, முதலாமவரின் மருமகன், இதைக் கண்டுபிடித்துப் பெஞ்சுகளை மேற்கே திருப்பிப் போட்டார். ஒரு வாரம் ஆலை வந்த வழியே திரும்பியது. ஆனால் அவரவர் நிழல் அவரவர் இலைமேல் விழுந்தது. கறுப்பும் சிவப்பும் கலந்துபோயின. இது பொடியா தெருப்புழுதியா என்று கேட்டுப் பழைய வாடிக்கைக்காரர்கள் டப்பாக்களைத் திருப்பி அனுப்பினார்கள். பெஞ்சுகள் மறுபடி கிழக்கே திரும்பின.

சல்லடை அறையில் வேலை பார்த்தவள் பிறந்ததிலிருந்து தும்மியதில்லை. அதற்காகத்தான் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். தும்முகிறவள் கையில் சல்லடை நிற்காது. ஆலையில் அவளுக்குச் சல்லடையக்கா என்று பேர். ஆலைக்கு மேற்கே, தெருவின் எதிர்ப்பக்கம் அவள் வீடு. அங்கே அவள் புருஷன் கடிகாரம் பழுதுபார்த்தார். அவருக்குப் புகையிலை வாசம் ஆகாது. கல்யாணமான மறுவாரமே ஆலையைப் பார்த்த ஜன்னலை நான்கு ஆணி வைத்து அடித்துவிட்டார். அவள் பின்வாசல் வழியாக வந்து, குளித்து, சேலை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வரலாம். மற்றபடி நல்ல மனுஷன். அவளுக்குத் தலைவலி என்றால் வீட்டிலுள்ள எல்லாக் கடிகாரங்களையும் நிறுத்திவிடுவார்.

அவள் கல்யாணமாகி வந்தபோது தெரு நூறடி அகலம். இருபத்தாறு வருடத்தில் அது தீர்ந்தது. முதலில் லாரிகள் வேறு வழியாகப் போயின. பிறகு சைக்கிள்கள். பிறகு ஒல்லியானவர்கள் மட்டும் போய்வந்தார்கள். அப்புறம் அவர்களும் இல்லை.

"ஏங்க, வீடு சின்னதுதான. நீங்க ஒருத்தர் கெழக்கப் பாத்துத் தும்முனா போதும், அதுவும் நகந்துடும்," என்றாள்.

"வீடு நகராது. நகர்றது உங்க ஆளுங்க புத்தி."

"ஒரு சிட்டிக பொடிதாங்க."

"பொடி போட்டுத்தான் காப்பாத்தணும்னா அந்த வீடே எனக்கு வேணாம்."

"வேணாம்னா வெளிய வாங்க."

"அதுவும் மாட்டேன்."

சுவருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நெல் நிற்க இடமில்லாமல் போன நாளில், அவள் ஒரு பொடி டப்பாவின் மூடியைத் திறந்து அவர் மேஜையில் லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பத்து மணி பத்துக்குச் சல்லடை அறைத் தாழ்ப்பாளில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். கதவைத் திறந்தால் ஆலை நகரும். நகர்ந்தால் அவர் வீட்டுச் சுவர் விழும். அவர் அதன் அடியில்தான் உட்கார்ந்திருப்பார். அந்தக் கதவு ஒரு நாளும் தாமதமானதில்லை.

"அக்கா, மணி ஆச்சு. பொடி கட்டிக்கும்," என்று டப்பா அடைக்கிறவள் வெளியிலிருந்து சொன்னாள்.

"கட்டிக்கட்டும்."

"மொதலாளி வர்றாரு."

"வரட்டும்."

முதலாளி வந்தார். அவருக்கும் கதவு திறக்கவில்லை. நூற்று நாற்பது பேர் மூக்கைத் தடவிக்கொண்டு பதினெட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது. துருப்பிடித்த ஆணி, சுலபத்தில் வரவில்லை. ஒன்று. வெகுநேரம் கழித்து இரண்டு. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நான்காவது வந்ததும் தாழ்ப்பாளை இழுத்தாள். நூற்று நாற்பது பேர் தும்மினார்கள். நூற்று நாற்பத்தொன்றாவது தும்மல் சுவருக்கு வெளியிலிருந்து கேட்டது. இருபத்தாறு வருடம் அடைத்துவைத்த தும்மல். ஆலை ஒரு நெல் நகர்ந்தது. வீடு ஒரு சாண் போயிற்று.

அதற்குப் பின் இரண்டும் சேர்ந்தே போகின்றன, நடுவில் எப்போதும் ஒரு சாண். கடிகாரக்காரர் பத்து மணிக்கு ஜன்னலில் வந்து உட்காருவார், பத்து மணி பத்துக்கு அளவாக ஒரு தும்மல் தும்முவார். வினாடி பிசகியதில்லை, ஆலைக் கடிகாரத்தையே இப்போது அவரைப் பார்த்துத்தான் திருத்துகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல்தான், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. தபால்காரர் அவர்கள் விலாசத்தைப் பென்சிலால் எழுதிக்கொள்கிறார். மூன்றாம் முதலாளி வந்தார், கிழக்கு ஜன்னல்களைப் பெரிதாக்கினார். குளித்துவிட்டு வா என்று கடிகாரக்காரர் மனைவியிடம் அப்புறம் சொன்னதில்லை. அவள் தன்பாட்டுக்குக் குளித்துவிட்டு வந்தாள்.

போன சனிக்கிழமை கொத்தனார் வந்து வீட்டின் மேற்குச் சுவரை உடைத்து அங்கேயும் ஒரு ஜன்னல் வைத்தார். பொட்டலைப் பார்த்து எதற்கு ஜன்னல் என்று அவர் கேட்டதற்கு, "திரும்பி வர்றதுக்கு," என்றார் கடிகாரக்காரர். சாயங்காலம் சல்லடையக்கா கூந்தலைத் துவட்டிக்கொண்டு நின்றாள். சேர்ந்து எங்காவது போய்வருகிற வழக்கம் அவர்களுக்குள் இருந்ததில்லை. கடிகாரக்காரர் புது ஜன்னல் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"நாளைக்கு ஆலை லீவுதான? நாம மட்டும் கொஞ்ச தூரம் போயிட்டு வரலாமா?"