உள்ளே விட்ட துணி

ஜிப் கெட்டுப்போனதில்தான் விஷயம் வெளியே வந்தது. என் வீட்டுக்காரர் நூல் வாங்கக் கிளம்பியிருந்தார். மகள் கடையில் உட்கார்ந்து, தன் நீலப் பேன்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, பிளேடால் ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கடை என்பது எங்கள் வீட்டின் முன்னறைதான். ஒரு மிஷின், துணி வெட்டும் மேசை, இஸ்திரிப் பெட்டி. சுவரில் ஆளுயரக் கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும். கண்ணாடி இல்லாத தையல் கடை எங்கேயாவது உண்டா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். உடைந்துவிட்டது என்போம். மகள் நோயில் விழுந்த வருடம் நாங்களே கழற்றிப் பரணில் போட்டது அது.

மதியத் தட்டோடு நான் வந்தபோது பிளேடு கீழே கிடந்தது. அவள் பேன்ட்டின் பக்கத் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் தையல்காரனோடு குப்பை கொட்டியவள் நான், பார்த்ததுமே புரிந்துவிட்டது. இப்போதைய தையலுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் ஒரு வரி, அதற்கப்பால் இன்னொரு வரி, அப்புறம் இன்னொன்று. உள்ளே மடித்திருந்த துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து விட்டிருக்கிறார். அப்படி வெளியே வந்த நீலம் மற்ற இடத்தைவிட அழுத்தமாகத் தெரியும் என்று அதை உப்புத்தாளால் தேய்த்து வெளுக்கவும் வைத்திருக்கிறார். வளரும் பிள்ளைக்கு உள்ளே துணி விட்டுத் தைக்க வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். பெற்றவர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்வார். இந்தப் பேன்ட்டும் அப்படி அவர் தைத்ததுதான்.

பதிமூன்று வயதில் தொடங்கியது அவளுக்கு. முதலில் இனிப்பு வேண்டாம் என்றாள், அப்புறம் காலைச் சாப்பாடு, கடைசியில் என் கையால் எதுவுமே வேண்டாம். தெருவில் அவருக்குக் ‘கண்ணளவு’ என்று பேர். டேப்பை எடுக்காமலே இடுப்பளவு சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் அவள் கரைந்துபோனாள். மூக்கில் குழாய் போட்டு ஊட்டியபோது அவர் வார்டுக்குள்ளேயே வரவில்லை, வராந்தாவில் நின்றார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: பழைய உடுப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதைப் போட்டுப் பார்க்கப் பார்க்கத்தான் இந்த நோய் பிள்ளையை மறுபடி பிடிக்கும். எல்லாவற்றையும் மூட்டை கட்டினோம். இந்த ஒரு பேன்ட்டை மட்டும் அவள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதாள். இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார் அவர்.

அதிலிருந்து அவ்வப்போது அதைப் போட்டுப் பார்ப்பாள். பொத்தான் சிரமமில்லாமல் விழுந்தால் முகம் தெளியும், தட்டைக் காலி செய்வாள். கன்னம் நிறைந்தது, மாதவிலக்கு திரும்பியது, சண்டை போடக்கூடத் தெம்பு வந்தது. அப்படியும் பேன்ட் எப்படிப் பொருந்துகிறது என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. நல்லது நடக்கும்போது யார் நோண்டிப் பார்ப்பார்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இந்த மனிதர் வளர்ந்த பெண்ணையே பேன்ட்டுக்குள் மறைத்துவிட்டார். அடுத்த மாதம் அவள் வெளியூருக்கு ஓவியம் படிக்கப் போக வேண்டும். எடை இறங்காமல் இருந்தால்தான் விடுதிக்கு அனுப்பச் சம்மதிப்பேன் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பெட்டிகூட வாங்கியாகிவிட்டது.

அவர் நூல் பையோடு வந்தார். பேன்ட் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவர். அன்றைக்கு நழுவ இடமில்லை.

“எப்பப்பா பிரிச்சீங்க?”

“நீ ஸ்கூலுக்குப் போனப்ப. கொஞ்சம் கொஞ்சமா.”

“பொத்தான் விழுதேன்னுதான்பா சாப்பிட்டேன். நான் நம்புனது அதை மட்டுந்தான்.”

நீ சாப்பிட்டால் போதும் என்று இருந்தது என்றார் அவர். அவள் என்னிடம் தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள், அவ்வளவுதான்.

பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது வீடு. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன், பாதிச் சோறு எங்கே போகிறதென்று தெரியாது. வெட்டுத்துணி மூட்டையை உதறினால் அவித்த முட்டை விழும், மென்று துப்பிய ரொட்டி விழும். அவருடன் நான் பேசுவதை நிறுத்தினேன். கழுத்தை நெரிக்க வேண்டும் போல ஆத்திரம். ஆனால் அந்தத் திருட்டுத் தையல் இல்லாமல் இருந்தால் இவள் இந்த வயதைப் பார்த்திருப்பாளா என்ற கேள்வி நெஞ்சில் முள்ளாக நின்றது. டாக்டரம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் படுக்கை ஒதுக்கி வைக்கிறேன், அழைத்து வாருங்கள் என்றவர், அதுவரை அவளுக்குத் தெரியாமல் எதையும் செய்ய வேண்டாம் என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளின் காலையில் அவர் புது நீலத் துணியை மேசையில் விரித்து மகளைக் கூப்பிட்டார். வருவாள் என்று நான் நினைக்கவில்லை, வந்தாள். கண்ணளவுக்காரர் டேப்பை எடுத்தார். அவள் கூரையைப் பார்த்தபடி நின்றாள். அவர் எண்ணைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவர் இடுப்பை இரண்டாம் தடவையும் அளந்து பார்த்ததிலேயே, அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் தட்டை மேசையின் ஓரத்தில் வைத்தேன். அவர் தையலுக்குச் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தார். அதற்கு வெளியே, வெட்டுவதற்கான அடுத்த கோடு போடக் கை தானாக நகர்ந்தது.

“உள்ள துணி விடாதீங்கப்பா.”

அவர் கை நின்றது. “கொஞ்சமாவது விடலேன்னா தையல் நிக்காதும்மா. உக்காந்தா கிழிஞ்சிரும்.”

அவள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையிலிருந்து சாக்கட்டியை வாங்கிக் குனிந்து, முதல் கோட்டை ஒட்டினாற்போல் தானே ஒரு கோடு போட ஆரம்பித்தாள். இரண்டுக்கும் நடுவே நூல் நுழையத்தான் இடம் இருந்தது. பாதித் துணியில் அவள் கை நின்றுவிட்டது, சாக்கட்டியைத் துணியிலிருந்து எடுக்கவுமில்லை. அவர் கத்தரியைத் திறந்து பிடித்தபடி காத்திருந்தார். மேசை ஓரத்தில் தட்டு ஆறிக்கொண்டிருந்தது.